சுண்டெலியும் ரெட் சிண்ட்ரோமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பண்ருட்டி, நெய்வேலி, பாகூர், கடலூர் முதுநகர் என்று பல ஊர்களிலிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர்களில் மிகச் சிலருக்கு, நீண்ட அலைச்சலுக்குப் பிறகு, ரெட் சிண்ட்ரோம் என்ற பெயரும் மெக்பி2 என்ற மரபணுவின் பெயரும் அச்சிட்ட ஓர் அறிக்கை கைக்கு வருகிறது. அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் முன்னால் வந்து நிற்பவை சுண்டெலிகளைப் பற்றிய செய்திகளே. 'எலிகளில் நோய் குணமானது' என்ற வரியைப் படித்துவிட்டு, அப்படியானால் நம் பிள்ளைக்கு எப்போது என்று கேட்காத பெற்றோர் இல்லை. புதுச்சேரி, கடலூர் வட்டாரப் பெற்றோர்கள் இது குறித்துக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. இவை மருத்துவ ஆலோசனை அல்ல. எலி ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்ற விளக்கம் மட்டுமே.

ரெட் சிண்ட்ரோம் என்பது என்ன?

பிறந்தபோது இயல்பாகத் தோன்றிய குழந்தை, ஆறு முதல் பதினெட்டு மாதங்களுக்குள் வளர்ச்சியில் தேங்கி, கற்ற சொற்களையும் கைகளைப் பயன்படுத்தும் திறனையும் இழக்கும் நரம்பு வளர்ச்சிக் கோளாறு இது. கைகளைப் பிசைந்துகொண்டே இருப்பது, மூச்சை அடக்கிக்கொள்வது, தள்ளாடிய நடை, வலிப்பு, முதுகுத்தண்டு வளைவு ஆகியவை சேர்ந்து வரும். ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வியன்னாவில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட் 1966-இல் இதைப் பற்றி எழுதினார். ஆனால் 1983-இல் ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெரியும் அவருடைய சக மருத்துவர்களும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகே உலகம் கவனித்தது. காரணமான மரபணுவை ஹூஸ்டனில் ஹுதா ஸோக்பியின் ஆய்வுக்குழு 1999-இல் கண்டறிந்தது.

மெக்பி2 மரபணு உடலில் என்ன வேலை செய்கிறது?

எக்ஸ் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, அதே பெயர் கொண்ட ஒரு புரதத்தை உருவாக்கும் குறிப்பைத் தாங்கியிருக்கிறது. டி.என்.ஏ. இழையில் மெத்தில் என்னும் வேதிக்குறி ஒட்டியுள்ள இடங்களைத் தேடிப் பிடித்து அங்கே அமர்வதும், வேறு சில புரதங்களை அங்கே அழைத்துவந்து பக்கத்து மரபணுக்களின் வேகத்தைக் குறைப்பதும் அந்தப் புரதத்தின் பணி. முதிர்ந்த நரம்பு செல்களில் இது மிக அதிக அளவில் காணப்படுகிறது. இது இல்லாதபோது ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாடு சிறிது சிறிதாகப் பிசகுகிறது. ஒரே ஒரு மரபணு பெரிதாகக் கெட்டுப்போவதில்லை என்பதால்தான், இதற்கு நேரடியான ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பது இத்தனை கடினமாக இருக்கிறது.

நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்துகொண்டோம். அதனால் வந்ததா?

இல்லை. இந்த வட்டாரத்தில் மற்ற எந்தக் கேள்வியையும்விட முதலில் கேட்கப்படுவது இதுதான். வீட்டுப் பெரியவர்கள் தாயின் மீது பழி போட்டுவிட்ட பிறகே பல நேரங்களில் கேட்கப்படுகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்துகொள்ளும்போது கூடுவது ஒரு குறிப்பிட்ட வகை நோய்களின் வாய்ப்பு: தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்கள். ரெட் சிண்ட்ரோம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஒரே ஒரு பழுது போதும்; அந்தப் பழுதும் பெரும்பாலும் பெற்றோர் எவருடைய இரத்தத்திலும் இருப்பதில்லை. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது டி.என்.ஏ. பிரதியெடுப்பில் நேரும் பிழையால் அது புதிதாகத் தோன்றுகிறது. அப்படிப் புதிதாகத் தோன்றிய மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை தந்தையின் விந்தணுவில் நிகழ்ந்தவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தந்தையின் எக்ஸ் குரோமோசோம் மகளுக்குத்தான் செல்லும், மகனுக்குச் செல்லாது; இந்நோய் பெண் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதைச் சொன்னவுடன் பழியைத் தந்தையின் பக்கம் திருப்பிவிடுகிற குடும்பங்களும் உண்டு. அதுவும் பொருத்தமற்றது. விந்தணுக்கள் வாழ்நாள் முழுதும் கோடிக்கணக்கில் உருவாகின்றன. பிரதியெடுப்பில் பிழை நேராத ஆண் ஒருவரும் இல்லை.

வேறு பல வளர்ச்சிக் கோளாறுகளில் உறவுமுறைத் திருமணம் ஒரு காரணியாக இருக்கவே செய்கிறது. இங்கே சொன்னது மெக்பி2 மாற்றத்தால் வரும் ரெட் சிண்ட்ரோமுக்கு மட்டுமே பொருந்தும்.

மனிதக் குழந்தையின் மூளைக் கோளாற்றைப் பற்றிச் சுண்டெலி என்ன சொல்லிவிட முடியும்?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. சுண்டெலியின் மூளையில் சுமார் 7 கோடி. சுண்டெலி பேசுவதில்லை, எழுதுவதில்லை, கையால் பிசைந்து உண்பதில்லை. இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவிலும், மெக்பி2 புரதத்தின் கட்டமைப்பு இரண்டு உயிர்களிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு ஒன்றுபோலவே இருக்கிறது; எலியிலும் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில்தான் அமைந்திருக்கிறது. மூன்று வாரக் கருக்காலம், ஆறு முதல் எட்டு வாரங்களில் பருவமடைதல், இரண்டு மூன்று ஆண்டு ஆயுள் ஆகியவற்றால், ஒரு தலைமுறை முழுவதையும் சில மாதங்களில் பார்த்துவிட முடிகிறது. மனிதரில் ஒருபோதும் செய்யக்கூடாத காரியத்தை, அதாவது ஒரு மரபணுவை வேண்டுமென்றே நிறுத்தி, பிறகு திரும்ப இயக்கிப் பார்ப்பதை, எலியில் செய்யலாம்.

எனவே, 'இந்த மரபணுதான் காரணமா?', 'அது எந்தச் செல்லில், எந்த வயதில் தேவை?', 'எவ்வளவு தேவை?' என்ற கேள்விகளுக்கு எலி நம்பத்தகுந்த சாட்சி. 'என் மகள் மறுபடியும் அம்மா என்று கூப்பிடுவாளா?' என்ற கேள்விக்கு எலியிடம் விடை இல்லை.

எலிக்கு இந்த நோயை எப்படி உண்டாக்குகிறார்கள்?

எலியின் கருவிலிருந்து எடுத்த மூலச்செல்களில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் வெட்டி நீக்கி, அச்செல்களிலிருந்து முழு எலியையே உருவாக்கும் முறை 1980-களில் வகுக்கப்பட்டது. அதற்காக மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவான்ஸ், ஆலிவர் ஸ்மித்திஸ் ஆகிய மூவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றனர். மரபணு நீக்கப்பட்ட எலியை ஆய்வகங்களில் 'நாக்-அவுட்' எலி என்பர். இப்போது டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையால் அதே வேலை விரைவாக முடிகிறது.

மெக்பி2 நாக்-அவுட் எலிகளை எடின்பரோவில் ஆட்ரியன் பேர்டின் குழுவும், பாஸ்டன் அருகே ருடால்ஃப் யானிஷின் குழுவும் 2001-இல் தனித்தனியே வெளியிட்டன. இரு குழுக்களும் செய்த ஒரு கூடுதல் சோதனை முக்கியமானது: உடல் முழுவதிலும் மரபணுவை நீக்காமல், மூளையில் மட்டும் நீக்கினார்கள். எலி அதே நோய்க்கு ஆளானது. கோளாற்றின் வேர் மூளைதான் என்பது அப்போது உறுதியாயிற்று. பின்னர் 2010-இல், மூளையின் பிற செல்களை அடக்கி நிறுத்தும் வகை நரம்பு செல்களில் மட்டும் மரபணுவை நீக்கியபோதுகூட, முன்கால்களைத் திரும்பத் திரும்ப அசைப்பது, மூச்சுத் தடுமாற்றம், அகால மரணம் ஆகிய பெரும்பாலான அறிகுறிகள் வந்துவிட்டன.

அந்த எலி பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

இந்த ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுவது 'பிளாக் சிக்ஸ்' என்று ஆய்வகத்தார் அழைக்கும் கருநிற இனம். பிறந்த முதல் மூன்று நான்கு வாரங்களில் நாக்-அவுட் ஆண் குட்டியைக் கூடப்பிறந்தவற்றிலிருந்து கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. காதின் ஓரத்திலிருந்து துளியளவு தோலை எடுத்து டி.என்.ஏ. பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். ஆறாவது வாரத்தையொட்டி நடை விறைக்கிறது, முடி கலைந்து மங்குகிறது, உடல் நடுங்குகிறது. வாலைப் பிடித்து மெல்லத் தூக்கினால், நலமான எலி பின்னங்கால்களை அகல விரித்துக்கொள்ளும். இந்த எலியோ அவற்றை வயிற்றோடு இறுக்கிக் கோத்துக்கொள்ளும். பெரும்பாலானவை எட்டு முதல் பத்து வாரங்களுக்குள் இறந்துவிடுகின்றன.

கூடு கட்டும் சோதனை ஒன்றும் உண்டு. மாலையில் கூண்டுக்குள் அழுத்திய பஞ்சுச் சதுரம் ஒன்றை வைத்துவிடுவார்கள். நலமான எலி இரவோடு இரவாக அதைப் பல்லால் பிய்த்து, குழிவான கூடாக்கி, உள்ளே சுருண்டு படுத்திருக்கும். மெக்பி2 குறைபாடுள்ள எலிகளின் கூண்டில் காலையில் அந்தப் பஞ்சின் பெரும்பகுதி பிய்க்கப்படாமல் கிடப்பதுண்டு. முன்கால்களின் நுண்திறனையும் ஊக்கத்தையும் ஒருசேர அளக்கும் இந்தச் சோதனைக்குச் செலவு மிகக் குறைவு. சுழலும் உருளையின் மீது எத்தனை விநாடி நிற்கிறது என்று பார்ப்பதும், அடைத்த பெட்டிக்குள் காற்றழுத்த மாற்றத்தைக் கொண்டு மூச்சு நிற்கும் இடைவெளிகளை எண்ணுவதும் மற்ற வழக்கமான சோதனைகள்.

நோய் பெண் குழந்தைகளுக்கு. பிறகு ஏன் ஆண் எலியில் ஆய்வு செய்கிறார்கள்?

எலிச் செய்திகளைப் படிப்பவர்கள் தவறாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஆனால் அரிதாகவே கேட்கிறார்கள்.

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. கருவின் தொடக்கக் காலத்திலேயே ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றை ஏதோ ஒரு தற்செயலில் அணைத்துவிடுகிறது. இதை 1961-இல் மேரி லயன் முன்மொழிந்ததே பெண் சுண்டெலிகளின் திட்டுத் திட்டான தோல் நிறத்தைக் கண்டுதான். ஆகவே ரெட் சிண்ட்ரோம் உள்ள சிறுமியின் மூளையில் நலமான மெக்பி2 இயங்கும் செல்களும், பழுதானது இயங்கும் செல்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அந்தக் கலவையின் விகிதம் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே மாற்றம் கொண்ட இரண்டு சிறுமிகளில் ஒருத்தி நடக்கிறாள், மற்றவள் நடப்பதில்லை. ஆணுக்கு ஒரே எக்ஸ்தான். அதில் பழுது வந்தால் எல்லாச் செல்களும் பழுதானவை. அப்படிப்பட்ட மனித ஆண் குழந்தைகள் பிறந்ததிலிருந்தே மிகக் கடுமையான மூளைப் பாதிப்புடன் இருக்கிறார்கள். பலர் மிகச் சிறு வயதிலேயே இறந்துவிடுகிறார்கள்.

எலியில் ஆண் குட்டிக்கு நோய் விரைவாகவும், ஒரே சீராகவும் வருகிறது. ஆய்வை இரண்டு மாதங்களில் முடித்துவிடலாம். பெண் எலிக்கு அறிகுறிகள் தெரிய நான்கு மாதமோ அதற்கு மேலோ ஆகிறது, அதுவும் எலிக்கு எலி வேறுபடுகிறது. எனவே அதிக எண்ணிக்கையில் எலிகள் வேண்டும், பணமும் காலமும் வேண்டும். வசதிக்காக ஆண் எலி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே உண்மை. இது ஒரு குறைபாடு என்றே நான் கருதுகிறேன். ஆண் எலியில் மட்டும் பலித்த சிகிச்சையைப் பற்றிய செய்தியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வது நல்லது. நலமான செல்களும் கலந்திருக்கும் பெண் எலியிலும் அது தீங்கின்றிப் பலித்ததா என்று பார்க்க வேண்டும்.

2007-இல் எலிகளில் நோய் 'திரும்பிப் போனது' என்கிறார்களே, அது என்ன?

ஆட்ரியன் பேர்டின் குழு, மெக்பி2 மரபணுவை நீக்காமல், அதன் நடுவே ஒரு தடுப்பை மட்டும் செருகிய எலிகளை உருவாக்கியது. தடுப்பின் இருபுறமும் வெட்டுக்குறிகள் இருந்தன. அவற்றை அடையாளம் கண்டு வெட்டும் நொதி அந்த எலிகளின் செல்களில் இருந்தாலும், மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் தமாக்சிஃபென் என்ற மருந்து கிடைத்தால்தான் அந்த நொதி செல்லின் உட்கருவுக்குள் நுழையும். எலிக்கு நோய் முற்றட்டும் என்று காத்திருந்து, பிறகு தமாக்சிஃபென் ஊசி போட்டார்கள். தடுப்பு வெட்டப்பட்டது, மரபணு இயங்கியது. சில நாள்களில் இறக்க வேண்டிய ஆண் எலிகளின் நடையும் மூச்சும் சீராகி, அவை மாதக்கணக்கில் வாழ்ந்தன. வளர்ந்த பெண் எலிகளிலும் அறிகுறிகள் பின்வாங்கின.

ரெட் சிண்ட்ரோமில் நரம்பு செல்கள் சாவதில்லை, அவை சிறுத்து, இணைப்புகள் குறைந்து காத்திருக்கின்றன என்பதையும், குழந்தைப் பருவத்தின் ஒரு குறிப்பிட்ட காலம் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை தவறு என்பதையும் இந்த ஒரு சோதனை காட்டியது. இதன் மறுபக்கத்தை 2011-இல் ஸோக்பியின் குழு காட்டியது: நலமாக வளர்ந்த எலியில், வயது வந்த பிறகு மெக்பி2-ஐ நீக்கினாலும் அதே நோய் வருகிறது. எனவே இந்தப் புரதம் வாழ்நாள் முழுவதும் தேவை.

அப்படியானால் அதையே குழந்தைகளுக்குச் செய்துவிடலாமே?

அந்த எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது மருந்து அன்று. பிறக்கும் முன்பே ஒவ்வொரு செல்லிலும் பொருத்தி வைத்திருந்த பொறியை விடுவிக்க மட்டுமே தமாக்சிஃபென் பயன்பட்டது. நம் குழந்தைகளின் செல்களில் அப்படிப்பட்ட பொறி ஏதும் இல்லை. தமாக்சிஃபென் மாத்திரை ரெட் சிண்ட்ரோமுக்கு மருந்தாகாது; யாரேனும் அவ்வாறு சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. மரபணுவை மிக வேகமாக இயக்கிய முதல் முயற்சியில் ஏறத்தாழப் பாதி எலிகள் இறந்துபோயின. வாரம் ஒருமுறை ஊசி போட்டு மெல்ல மெல்ல இயக்கியபோதுதான் பிழைத்தன. அளவு மிகுந்தாலும் ஆபத்து என்பதை எலி முன்பே சொல்லியிருந்தது. மெக்பி2 புரதத்தை வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு சுரக்கும் எலிகளை ஸோக்பியின் குழு 2004-இல் உருவாக்கியது. அவை சில மாதங்களில் வலிப்புக்கும் அகால மரணத்துக்கும் ஆளாயின. மறு ஆண்டே, மெக்பி2 இரட்டித்த மனிதக் குழந்தைகள், பெரும்பாலும் ஆண் குழந்தைகள், அடையாளம் காணப்பட்டனர். மெக்பி2 இரட்டிப்பு இன்று தனி நோயாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. குழம்பில் உப்புப் போல, குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். சரியான அளவின் எல்லை மிகக் குறுகலானது. சிறுமியின் மூளையிலோ, பாதிக்கு ஏறக்குறைய நலமான செல்கள் ஏற்கெனவே உள்ளன. வெளியிலிருந்து அனுப்பும் மரபணு, ஏற்கெனவே நலமாக உள்ள செல்லுக்குள்ளும் போய்ச் சேரும். மரபணு சிகிச்சை இத்தனை காலம் தயங்கி நின்றதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

மரபணு சிகிச்சை இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

மனிதரில் சோதனைகள் 2023-இல் தொடங்கின. நோய் உண்டாக்காத ஏஏவி9 என்ற வைரஸ் உறைக்குள் மரபணுவை ஏற்றி, முதுகுத்தண்டு நீரிலோ மூளையின் நீர்ப்பைகளிலோ செலுத்துகிறார்கள். அந்த உறைக்குள் இடம் மிகக் குறைவு. இங்கும் எலி உதவியது: நோயை உண்டாக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் புரதத்தின் இரண்டு சிறு பகுதிகளிலேயே குவிந்திருப்பதைக் கண்ட பேர்டின் குழு, அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டியெறிந்த, மூலத்தில் மூன்றில் ஒரு பங்கே உள்ள குட்டிப் புரதத்துடன் எலிகளை உருவாக்கி, அவை ஏறத்தாழ இயல்பாக வாழ்வதை 2017-இல் காட்டியது. மனிதச் சோதனைகளில் ஒன்று இத்தகைய சுருக்கிய மரபணுவையே பயன்படுத்துகிறது. மற்றொரு சோதனையில், அதிக அளவு செலுத்தப்பட்டவர்களில் ஒருவர் கடும் அழற்சியால் 2024 நவம்பரில் இறந்தார். அந்த அளவு கைவிடப்பட்டு, குறைந்த அளவில் சோதனை தொடர்ந்தது.

எலியில் தொடங்கி மருந்தாக முடிந்தது ஏதாவது உண்டா?

உண்டு, ஒன்று. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் நுனியில் உள்ள மூன்று அமினோ அமிலத் துண்டு, மெக்பி2 இல்லாத எலிகளின் ஆயுளையும் நடையையும் மேம்படுத்தியதாக 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. அத்துண்டைச் சற்றே மாற்றிச் செய்த டிரோஃபினெடைட் என்னும் திரவ மருந்துக்கு, இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக, அமெரிக்க அரசு 2023 மார்ச்சில் ஒப்புதல் வழங்கியது. 187 சிறுமிகளும் இளம்பெண்களும் பங்கேற்ற சோதனையில் அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. நோயின் வேரை அது தொடுவதில்லை. அதே எலி ஆய்வுப் பாதையில் வந்த முழு ஐஜிஎஃப்-1 ஊசியோ, மனிதச் சோதனையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரை இந்த நோய்க்கு நல்லது என்று ஒருவர் அனுப்பிய செய்தி சரியா?

அந்தச் செய்திக்குப் பின்னால் உண்மையான ஓர் ஆய்வு இருக்கிறது. 2013-இல், மெக்பி2 இல்லாத எலிகளின் மற்ற மரபணுக்களில் கண்மூடித்தனமாக மாற்றங்களைத் தூவி, அவற்றில் எது நோயைத் தணிக்கிறது என்று தேடினார்கள். கொலஸ்ட்ரால் உற்பத்தியில் பங்கேற்கும் ஒரு மரபணு அகப்பட்டது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தும் அந்த எலிகளுக்கு நன்மை செய்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், வேறொரு மரபுவழி எலியில் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. எலியின் இனவழி மாறினால் முடிவும் மாறக்கூடும். மெக்பி2 இல்லாத எலி ஓர் இனவழியில் மெலிந்தும், இன்னொன்றில் பருத்தும் இருப்பது 2001-லேயே கண்டறியப்பட்டது. ஸ்டாட்டினை மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குத் தர வேண்டாம்.

எங்கள் மகளுக்கு இருக்கும் அதே மாற்றம் கொண்ட எலி இருக்கிறதா?

இருக்கலாம். மெக்பி2-இல் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் பதிவாகியிருந்தாலும், எட்டு மாற்றங்கள் மட்டுமே பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. டி158எம், ஆர்168எக்ஸ், ஆர்255எக்ஸ், ஆர்306சி, ஆர்133சி ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் பலவற்றை அப்படியே பதித்த எலிகள் உள்ளன. ஆர்133சி எலிக்கு நோய் மிதமாகவும், டி158எம் எலிக்குக் கடுமையாகவும் வருகிறது. சிறுமிகளிடம் மருத்துவர்கள் கண்ட வரிசையும் பொதுவாக இதுவே. 'எக்ஸ்' என்று முடியும் பெயர்கள், புரதம் பாதியிலேயே நின்றுவிடுவதைக் குறிக்கும்.

'முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்' என்று அறிக்கையில் இருக்கிறது. எலியில் சோதித்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

கொள்கையளவில் முடியும், நடைமுறையில் ஒரு குடும்பத்துக்காக யாரும் செய்ய மாட்டார்கள். அப்படி ஓர் எலியை உருவாக்கி, பெருக்கி, முடிவெடுக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்கு முன் செய்ய வேண்டியது எளிது: பெற்றோர் இருவரின் இரத்தத்திலும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நலமான தந்தையிடம் அதே மாற்றம் இருந்தால், அது நோய்க்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இருவரிடமும் இல்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

தாயின் இரத்தத்தில் அந்த மாற்றம் இல்லையென்றால், மறுபடி வரும் வாய்ப்பு பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாததற்குக் காரணம், இரத்தத்தில் தென்படாமல் விந்தணு அல்லது கருமுட்டைச் செல்களில் மட்டும் மாற்றம் பரவியிருக்கும் அரிதான நிலை. மிகச் சில குடும்பங்களில், பழுதான எக்ஸ் பெரும்பாலும் அணைந்திருப்பதால், தாய் அறிகுறியின்றி மாற்றத்தைச் சுமப்பதுண்டு. அவருக்கு ஒவ்வொரு கருவிலும் அது செல்லும் வாய்ப்பு பாதி. எனவே, மகளின் அறிக்கையோடு நின்றுவிடாமல் தாய்க்கும் பரிசோதனை செய்துகொண்டு, கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது அவசியம். கருவுற்ற பின் ஓடினால் நாள்கள் போதாமல் போகும்.

எலி இல்லாமல் இந்த ஆய்வைச் செய்ய முடியாதா?

பழ ஈயில் மெக்பி2 மரபணுவே இல்லை. நோயாளியின் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, மூலச்செல்லாக்கி, தட்டில் நரம்பு செல்களாக வளர்க்கும் முறை வந்துள்ளது. அவை மனித செல்கள், நோயாளியின் சொந்த மரபணுக்கள் கொண்டவை. ஆனால் தட்டிலுள்ள செல் மூச்சு விடுவதில்லை, நடப்பதில்லை. இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன என்பதே இன்றைய நிலை.

இந்தியாவில் விலங்குச் சோதனைகள் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கும், 1998-இல் வகுக்கப்பட்ட விதிகளுக்கும் உட்பட்டவை. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள நெறிமுறைக் குழு, எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள் என்று கேட்டே அனுமதி தரும். மெக்பி2 ஆய்வில் இந்தக் கணக்கு கடுமையானது. நாக்-அவுட் ஆண் எலியைக் கொண்டு இனப்பெருக்கம் செய்ய முடியாது என்பதால், மாற்றத்தைச் சுமக்கும் பெண் எலியை நலமான ஆணோடு சேர்க்கிறார்கள். பிறக்கும் குட்டிகளில் நான்கில் ஒன்றுதான் நாக்-அவுட் ஆண். எட்டுக் குட்டி ஈன்றால் இரண்டு கிடைக்கும். மற்றவற்றில் ஒப்பீட்டுக்குத் தேவையானது போக எஞ்சுவதை என்ன செய்வது என்பது எந்த ஆய்வகத்துக்கும் சங்கடமான கேள்விதான். பெண் எலிகளையும் ஆய்வில் சேர்த்தால் அந்த வீண் குறையும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் எலிச் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

எலி ஆணா பெண்ணா. மரபணு முழுதும் நீக்கப்பட்டதா, நோயாளிகளின் மாற்றம் பதிக்கப்பட்டதா. சிகிச்சை அறிகுறி வருமுன் தரப்பட்டதா, வந்த பின்னரா. அளந்தவருக்கு எந்த எலி மருந்து பெற்றது என்று தெரியாமல் அளந்தார்களா. இன்னொரு ஆய்வகத்தில் அதே முடிவு கிடைத்ததா. நோய் வருவதற்கு முன்பே, பிறந்த சில நாள்களில் ஊசி போட்டுக் காப்பாற்றிய எலி, ஏழு வயது மகளின் நிலைக்குச் சாட்சியாகாது. செய்தியில் இந்த விவரங்கள் இல்லையென்றால், மூல ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். 'ஆறு வார ஆண் எலி' என்ற ஒரு சொற்றொடர் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

மகளின் அறிக்கையில் எந்த விவரத்தைப் பத்திரப்படுத்த வேண்டும்?

மாற்றத்தின் பெயர் இரண்டு வகையில் எழுதப்பட்டிருக்கும்: 'சி' என்ற எழுத்தில் தொடங்குவது டி.என்.ஏ. அளவிலான பெயர், 'பி' என்ற எழுத்தில் தொடங்குவது புரத அளவிலான பெயர். இரண்டும் வேண்டும். அவற்றோடு, எந்தப் பிரதி வரிசையை ஒப்பிட்டார்கள் என்று குறிக்கும் எண்ணும் வேண்டும். மெக்பி2 புரதம் நீளத்தில் சற்று மாறுபட்ட இரண்டு வடிவங்களில் உருவாவதால், அந்த எண் இல்லாவிட்டால் ஒரே மாற்றத்துக்கு இரண்டு பெயர் வந்து குழப்பும். நோயாளிப் பதிவேடுகளும் மருந்துச் சோதனைகளும் இந்த விவரங்களைத்தான் கேட்கின்றன. பெரும்பாலும் இரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குச் சென்று முடிவு கோப்பாகத் திரும்பி வருவதால், அச்சிட்ட சுருக்கத்தோடு நின்றுவிடாமல் முழுக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.